கேமராவுக்கு வெச்ச சந்தனம்

உக்காருங்க தம்பி, உக்காருங்க. இந்தக் கரடி பொம்மையை மட்டும் கொஞ்சம் உங்க மடியில வெச்சுக்கறீங்களா? பை நெறஞ்சு போச்சு. முறுக்கு, அதிரசம், பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை, எல்லாம் அமுக்கி அமுக்கி வெச்சிருக்கறேன். கரடியை அமுக்குனா காது மடங்கிரும். மூஞ்சி என்ர பக்கம் பார்த்தாப்புல வெச்சுக்கங்க. ஆ, அப்படித்தான்.

டிக்கெட் எடுத்துட்டீங்களா? தப்பா நெனச்சுக்காதீங்க, கேக்காம இருக்க முடியாதுங்க எனக்கு. போக்குவரத்துக் கழகத்துல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன் நான். நாச்சிமுத்துன்னு பேரு, ஊரு கோபிச்செட்டிபாளையம். பஸ்ஸுல ஏறுனா மொதல்ல மொகத்தைத்தான் பார்ப்பேன். டிக்கெட் எடுத்தவன் ஜன்னலைப் பார்ப்பான், எடுக்காதவன் நம்மளைப் பார்த்துச் சிரிப்பான். நீங்க ஏறினதுல இருந்து ஜன்னலைத்தான் பார்க்கறீங்க. அதான் நம்பிக் கரடியைக் குடுத்தேன்.

சேலத்துல உங்களை ஏத்திவிட வந்தாங்களே ஒரு அம்மிணி, சம்சாரமுங்களா? பஸ் எடுத்தப்ப அவங்க கை ஆட்டினாங்க, நீங்க ஆட்டலை. சரி சரி, சொல்ல வேண்டாம். அது உங்க வீட்டு விஷயம். நான் அடுத்தவங்க வீட்டு விஷயத்துல தலையிடற ஆளே இல்லை.

ஓசூருக்குப் போறேனுங்க. பையன் வீடு. நவநீதன்னு பேரு, ஒரே பையன். மருமக சிந்துஜா. பேத்திக்கு நாளைக்கு மூணு வயசு முடியுது. பொறந்ததுல இருந்து என்ர நெஞ்சு மேலயே தூங்கின குழந்தை. ஆயுத பூஜையில இருந்து நேர்ல பார்க்கலை. அவங்க ஏன் ஓசூருக்குப் போனாங்கன்னு நானும் எத்தனையோ விதமா யோசிச்சுப் பார்த்துட்டேன். பிடிபடவே இல்லை. நீங்க படிச்சவராட்டத் தெரியறீங்க, மொதல்ல இருந்து சொல்றேன், கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க.

எல்லாம் நல்லாத்தாங்க இருந்துச்சு. போன வருஷப் பொங்கலுக்கு அப்பறம் எங்க ஊர்ல கல்யாண மண்டபத்துல போலீஸ்காரங்க கூட்டம் போட்டாங்க. தெருவுக்குத் தெரு கேமரா வெக்கணும், அரசாங்கத்துத் திட்டம்னு சொன்னாங்க. இன்ஸ்பெக்டர் மைக்கைப் பிடிச்சு, "பொதுமக்கள் பாதுகாப்பு பொதுமக்கள் கையில"ன்னாரு. எல்லாரும் கை தட்டினோம். வெளிய வந்து காப்பி குடிக்கறப்பதான் அதுக்கு அர்த்தம் புரிஞ்சுது. கேமராவை நாம வாங்கோணும். கம்பத்தை நாம நடோணும். கரண்டை நாம குடுக்கோணும். ரிப்பேர் ஆனா நாம பார்த்துக்கோணும். ரிப்பன் வெட்டறது மட்டும் அரசாங்கத்தோட வேலை. ரிப்பனையும் நாமதான் வாங்கினோம், அது வேற.

இன்னொண்ணு கேளுங்க. நம்ம தெருக் கேமராவுல இருக்கற படத்தைப் போலீஸ் கேட்டா அந்த நிமிஷமே எடுத்துக் குடுத்துரோணும். பஸ் ஸ்டாண்டு கேமராவுல இருக்கற படத்தை நாம கேட்டா, மனு எழுதிக் குடுத்துட்டு வீட்டுல போய்க் காத்துக்கெடக்கோணும். எனக்கு ஒருக்கா பஸ் ஸ்டாண்டுல குடை காணாமப் போச்சு. நேராப் போய், "அண்ணா சிலைக்கு எதிர்ல இருக்கற கேமராவைப் பார்த்துச் சொல்லுங்க"ன்னு கேட்டேன். "அது வேலை செய்யலீங்க"ன்னுட்டாங்க. அதுக்கு அடுத்த வாரம், அதே இடத்துல, ஹெல்மெட் போடாம டிவிஎஸ்ல கோயிலுக்குப் போனேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள அபராதம்னு போன்ல வந்துருச்சு. படத்தோட. என்ர நெத்தியில இருந்த விபூதி வரைக்கும் தெளிவாத் தெரியுது. குடைன்னா கண்ணு தெரியாத கேமராவுக்கு மண்டைன்னா எப்படித் தெரிஞ்சுதோ போங்க.

ஆனா ஒண்ணு, நான் திட்டத்துக்கு எதிரி இல்லை. எங்க தெருவுக்கு ஒண்ணு வேணும்னு மொத ஆளா கையைத் தூக்கினதே நான்தான். ஏன்னா எங்க தெருவுல குற்றம் அதிகமாயிட்டே இருந்துச்சுங்க. என்ன குற்றமா? எங்க வீட்டுத் தென்னையில இருந்து விழுந்த ரெண்டு தேங்காய் காணாமப் போச்சு. எதுத்த வீட்டு வளர்மதி டீச்சர், "காயே விழுகலீங்களே சார், மட்டைதான் விழுந்துச்சு"ன்னு சொல்றாங்க. திருட்டு எப்படி ஆரம்பிக்கும்னு அவங்களுக்கு என்ன தெரியும்?

கேமராவுக்கு அரிசி மண்டி வெங்கடாசலம் உபயம். தாராளமான மனுசன். கோயில்ல ட்யூப்லைட் குடுத்தாலும் வெளிச்சம் வராத அளவுக்குப் பேரு எழுதறவரு. கேமராவுக்குச் சும்மா விடுவாரா? கம்பத்துல 'உபயம்'னு போட்டு, தாத்தா பேரு, அப்பா பேரு, அவரு பேரு, மண்டி பேரு, எல்லாம் எழுதின பலகை அடிச்சாரு. பேரு நெறைய, அதனால பலகை பெருசு. அது கேமராவுக்கு மூக்கு முன்னால நீட்டிட்டு நிக்குது. படத்துல ஒரு மூலை பூரா அந்தப் பலகையோட முதுகுதான் தெரியும். அந்த மூலையில என்ன இருக்குதுன்னா, அவரு வீட்டு கேட்டு. ஊரையெல்லாம் பார்க்கறதுக்குக் கேமரா குடுத்தவரு, தன்ர வீடு மட்டும் தெரியாம பார்த்துக்கிட்டாரு. நானும் பலகையை எறக்கச் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போனேன்.

கேமராப் படம் தெரியற டிவியை யாரு வீட்டுல வெக்கறதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். மூணாவது தடவை அவங்க கேக்கறதுக்குள்ள எங்க ஹால்ல இருந்த சாமி படத்தை அந்தப் பக்கம் நகர்த்தி இடம் பண்ணிட்டேன். எத்தனை நாள்தான் மத்தவங்க சங்கடப்படறதைப் பார்த்துட்டு இருக்கறது?

அதுக்கப்பறம் எனக்குப் பொழுது போதலீங்க. காப்பி டம்ளரோட உக்காந்தா மத்தியானச் சாப்பாடு வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். எங்க வீட்டுக்காரி தெய்வானை சீரியல் பார்க்கறதுக்குத் திண்டாடிப் போனா. "இதுல என்னதாங்க இருக்குது? ஆளுக போறாங்க, வர்றாங்க"ன்னு கேப்பா. அதுலதான் எல்லாமே இருக்குது. யாரு போறாங்க, யாரு வர்றாங்க, போனவங்க ஏன் இன்னும் வரலை. இதைப் பார்க்கத் தெரிஞ்சவனுக்குத்தான் தெரியும். நான் பஸ்ஸுல பின்பக்கமா ஏறினா முன்படியில எறங்கறவன் முதுகைப் பார்த்தே டிக்கெட் இல்லைன்னு சொன்னவன்.

வளர்மதி டீச்சர் வீட்டுக்கு வியாழக்கிழமை வியாழக்கிழமை ஒருத்தன் பைக்குல வந்தான். கருப்புப் பை. உள்ள போனான்னா அரை மணி நேரம். டீச்சருக்கு வீட்டுக்காரரு இல்லை. நான் எதுவும் தப்பா நெனக்கலீங்க. தெருச் சங்கக் கூட்டத்துல, பொதுவா, யாரு பேரையும் சொல்லாம, "வியாழக்கிழமை கருப்புப் பையோட எதுத்த வீட்டுக்கு வர்றவங்க யாருன்னு தெரிஞ்சா நல்லது"ன்னு மட்டும் சொன்னேன். எல்லாரும் டீச்சரைப் பார்த்தாங்க. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அப்பறம் பார்த்தா, படுத்த படுக்கையா இருக்கற அவங்க அம்மாவுக்கு மூத்திரக் குழாய் மாத்தறதுக்கு ஆஸ்பத்திரியில இருந்து வர்ற ஆளாம். அது கேமராவுல எப்படித் தெரியும்? டீச்சருக்கு ஒரே கோபம். "அடுத்தவங்க வீட்டு வாசல் தெரியற மாதிரி கேமரா வெக்கக் கூடாதுன்னு விதி இருக்குதுங்க சார்"னாங்க. டீச்சர் பாருங்க, விதியெல்லாம் படிச்சிருப்பாங்க. "அப்படிங்களா, அப்ப வாசலை உள்பக்கமா திருப்பி வெச்சுக்கங்க"ன்னு சொன்னேன். கூட்டத்துல ஒருத்தரும் சிரிக்கலை. நல்ல ஜோக்குங்க அது.

கரடி கனமா இருக்குதுங்களா? இல்லையா? சரி வெச்சுக்கங்க.

சிந்துஜா விஷயத்துக்கு வர்றேன். தங்கமான பொண்ணு. சம்பந்தி வீடு பொள்ளாச்சிப் பக்கம். வீட்டுல கம்ப்யூட்டர்ல ஏதோ வேலை பார்க்கும். சத்தமே இருக்காது. "சரிங்க மாமா, ஆகட்டுங்க மாமா", அவ்வளவுதான் பேச்சு. அப்படிப்பட்ட பொண்ணு சாயங்காலமானா தெருக்கோடி வேப்பமரத்தடிக்குப் போகும். பாப்பா மண்ணுல விளையாடும், இது போன்ல பேசிட்டே நிக்கும். நான் ஹால்ல உக்காந்து பார்க்கறேன். பேசுது, பேசுது, திடீர்னு சிரிக்குது. எப்படிச் சிரிக்குதுங்கறீங்க? மரத்துல சாஞ்சுக்கிட்டு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. அஞ்சு வருஷமா எங்க வீட்டுல இருக்குது, ஒரு நாள்கூட நான் அந்தச் சிரிப்பைப் பார்த்ததில்லைங்க.

எனக்கு மனசு கேக்கலை. ராத்திரி சாப்பிடறப்ப, சும்மா கேக்கற மாதிரிதான் கேட்டேன். "யாரும்மா போன்ல? அவ்வளவு சிரிப்பு?"

"அம்மாங்க மாமா"ன்னுச்சு. சோத்தைப் பெசைஞ்சுட்டே இருந்துச்சு, சாப்பிடலை.

அம்மாகிட்ட யாராவது அப்படிச் சிரிப்பாங்களா? நீங்களே சொல்லுங்க. மறுநாளும் மரத்தடிக்குப் போச்சு, போன் பேசுச்சு, ஆனா சிரிக்கலை. கேமரா இருக்கற பக்கமே திரும்பலை. முதுகைக் காட்டிட்டே நின்னுச்சு. எனக்குச் சந்தேகம் வருமா வராதா? பையனைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, மொத நாள் படத்தையும் மறுநாள் படத்தையும் போட்டுக் காமிச்சேன். "பாருடா, முந்தாநாள் சிரிக்குது. நேத்து சிரிக்கலை. என்ன அர்த்தம்?"னேன்.

அவன் மொகத்துல ரத்தமே இல்லீங்க. "அப்பா, அதை அழிச்சிருங்க"ன்னான்.

"அழிக்கக் கூடாதுடா. போலீஸ் எப்ப வேணும்னாலும் கேக்கலாம்"னு சொன்னேன்.

"என்ர பொண்டாட்டி சிரிச்சதைப் போலீஸ் எதுக்குங்கப்பா கேக்கும்?"னான். எந்திரிச்சுப் போயிட்டான். இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சட்டம் தெரியறதில்லை.

அப்பறம் அந்தப் பொண்ணு போனை எடுத்துட்டு மொட்டை மாடிக்குப் போக ஆரம்பிச்சுது. மாடியில வத்தல் காயப்போட்டிருந்தோம். காக்காய் தொந்தரவு வேற. அதனால அங்கயும் ஒரு கேமரா போட்டரலாம்னு கடைக்காரனைக் கூப்பிட்டு அளவெல்லாம் பார்க்கச் சொன்னேன். வத்தலுக்காகத்தாங்க. தெய்வானை அன்னிக்கு என்னையப் பிடிச்சுக் கத்தினா. "காலம் பூராவும் பஸ்ஸுல பரிசோதனை பண்ணினீங்க, அது உத்தியோகம். இனி வீட்டுக்குள்ள நடக்கறதுக்கும் நாங்க டிக்கெட் எடுக்கோணுமா?" அவ கத்தி நான் அதுக்கு முன்னால கேட்டதில்லை. வத்தல் கெட்டுப்போகுதுன்னு சொல்றதுக்கு இத்தனை பேச்சு. மாடிக் கேமராவை விட்டுட்டேன். நான் ஒண்ணும் பிடிவாதக்காரன் இல்லீங்க.

அப்படி விட்டுக்கொடுத்ததுக்குப் பலன் இருந்துச்சு. ஆயுத பூஜைக்கு ரெண்டு நாள் முன்னால சிந்துஜா தானா வந்து பேசுச்சு. அதுக்கு முன்னால பத்துப் பதினஞ்சு நாளா என்கிட்டப் பேச்சே இல்லை. வந்து நின்னு, "மாமா, எல்லா வண்டிக்கும் மெஷினுக்கும் பூஜை போடறோம். நம்ம தெருவைக் காக்கறது கேமராதானுங்களே, அதுக்குப் பூஜை போட வேண்டாமுங்களா?"ன்னு கேட்டுச்சு.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க. யாருக்குத் தோணும் சொல்லுங்க? சங்கத்துல இத்தனை பேரு இருக்காங்க, ஒருத்தருக்காவது தோணுச்சா? உபயம் குடுத்த வெங்கடாசலத்துக்கே தோணலை. சிந்துஜாதான் இன்னொண்ணும் ஞாபகப்படுத்துச்சு. "பூஜையில வெச்ச ஆயுதத்தை விஜயதசமி பூஜை முடியற வரைக்கும் எடுத்து வேலை செய்யக் கூடாதுங்களே மாமா. பசங்க புஸ்தகத்தை வெச்சுட்டுத் தொட மாட்டாங்களே"ன்னுச்சு. சாஸ்திரம் தெரிஞ்ச பொண்ணு. இந்தக் காலத்துல எங்க கெடைக்கும்?

ஜாம் ஜாம்னு பண்ணினேனுங்க. ஏணி போட்டு நானே ஏறினேன். கேமராவைத் துடைச்சு, மூணு பட்டையா விபூதி போட்டு, சுத்தியும் சாமந்திப்பூ மாலை. அந்தக் கண்ணாடி இருக்குதே, அதுதானுங்களே கண்ணு, அதுக்கு மேல நல்லா கெட்டியா சந்தனத்தை அப்பி நடுவுல குங்குமம் வெச்சேன். சிந்துஜா கீழ நின்னு சந்தனக் கிண்ணத்தை நீட்டிட்டே இருந்துச்சு. "இன்னும் கொஞ்சம் வெய்யுங்க மாமா, காஞ்சா உதிர்ந்துரும்"னுச்சு. அத்தனை அக்கறை. டிவியையும் படம் பதிவாகற பெட்டியையும் நிறுத்தி, செகப்புத் துணி போர்த்தி, அருவாமனையோட சேர்த்து சாமி முன்னால வெச்சோம். கம்பத்தடியில பூசணிக்காய் உடைச்சேன். பாப்பா கை தட்டுச்சு. தெருவே வந்து பொரி வாங்கிச் சாப்பிட்டுது. டீச்சர்கூட வந்தாங்க. இத்தனை நாள் கழிச்சு எல்லார் மொகத்துலயும் சிரிப்பு. ஒரு கேமராவுக்குப் பூஜை போட்டா தெரு ஒத்துமையாகும்னா பார்த்துக்கங்களேன்.

மறுநாள் காலையில பொண்ணு சொல்லுச்சு, "மாமா, நீங்களும் அத்தையும் பச்சைமலை முருகன் கோயிலுக்குப் போயிட்டு வாங்க. வந்து விஜயதசமி பூஜையை முடிச்சு டிவியைப் போட்டுக்கலாம்." சரின்னு போனோம். தெய்வானை முட்டிவலிக்காரி, நாலு படி ஏறினா உக்காந்துருவா. அன்னிக்கு என்ன பக்தியோ தெரியலை, பிரகாரத்தைச் சுத்திச் சுத்தி வர்றா. "போலாமா?"ன்னா, "இன்னொரு சுத்து சுத்திட்டு வந்தர்றேனுங்க"ங்கறா. அப்பறம் அன்னதானத்துல உக்காந்தா. அப்பறம் மரத்தடியில உக்காந்தா. வீடு வந்து சேர்றப்ப மத்தியானம் தாண்டிருச்சு.

வீடு பூட்டியிருந்துச்சுங்க. சாவி டீச்சர் வீட்டுல.

உள்ள போனா, பையன் ரூமு காலி. பீரோ தொறந்து கெடக்குது, உள்ள ஒரு துணி இல்லை. பாப்பாவோட தொட்டில் இல்லை, மூணு சக்கர சைக்கிள் இல்லை. சாமி ரூமுல ஒரு சீட்டுகூட எழுதி வெக்கலை. நான் கத்திட்டே தெருவுக்கு ஓடினேன். தெய்வானை பின்னால வரவே இல்லை. சமையக்கட்டுல காப்பி போட்டுட்டு இருந்தா. அதிர்ச்சியா இருக்கும், பாவம்.

பட்டப்பகல்ல இத்தனை சாமான் ஏத்தணும்னா ஒரு குட்டி யானையாவது வந்திருக்கணுமில்லீங்களா? வண்டிதாங்க சொல்றேன், அந்தச் சின்ன லாரி. யாராவது பார்த்தீங்களான்னு வீடு வீடாக் கேட்டேன். வெங்கடாசலம், "நான் பூஜையில இருந்தேனுங்க"ன்னாரு. இஸ்திரி போடற கருப்பாயி தெருமொனையிலயே நாள் பூராவும் நிக்கறவ, "எனக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாதுங்க சாமி"ங்கறா. சட்டையில சுண்டுவிரல் அகலம் கறை இருந்தாக் கண்டுபிடிக்கறவ அவ. டீச்சர்கிட்டப் போய் நின்னேன். "எங்களை எதுக்குங்க சார் கேக்கறீங்க? கேமரா இருக்குதே, போட்டுப் பாருங்க"ன்னாங்க.

ஓடிப்போய்த் துணியை எடுத்துட்டு டிவியையும் பெட்டியையும் போட்டேன். படம் வந்துச்சு. பூரா மஞ்சளு. நடுவுல செகப்பா ஒரு உருண்டை. அவ்வளவுதாங்க எங்க தெரு.

என்ன நேரம் பாருங்க. வருஷம் பூராவும் கண்ணு மூடாத கேமரா, ஒரே ஒரு நாள் ஓய்வெடுக்குது, அந்த நாள் பார்த்துத்தான் இவங்க கெளம்பணும்னு தோணியிருக்குது. பையனுக்கு வேலை குடுத்த ஓசூர்க் கம்பெனிக்காரன் விஜயதசமி நல்ல நாள்னு அவசரமா வரச் சொல்லியிருப்பான். வெங்கடாசலத்தோட மண்டி வண்டியில, அடுத்த வாரம் நான் மூட்டை எறக்கறப்பப் பார்க்கறேன், பாப்பாவோட ரோஸ் செருப்பு ஒண்ணு கெடக்குது. குழந்தை விளையாடறப்ப எப்பவோ தூக்கிப் போட்டிருக்கும். எடுத்துட்டு வந்து வெச்சிருக்கறேன். இந்தப் பையிலதான் இருக்குது. ஒத்தைச் செருப்பு.

என்ன தம்பி, சிரிக்கறீங்களா? இல்லையா? இருமலா? தண்ணி இந்தாங்க.

தீபாவளிக்குப் பலகாரம் சுட்டுக் குடுத்துட்டு வந்தர்றேன்னு தெய்வானை ஓசூர் போனா. நானும் வர்றேன்னுதான் சொன்னேன். "நீங்களும் வந்துட்டா தெருவை யாருங்க பார்த்துக்கறது?"ன்னு அவதான் கேட்டா. என்ர பொறுப்பு அவளுக்குத் தெரியும். தீபாவளி போயி, கார்த்திகை போயி, பொங்கலும் போயிருச்சு. வர்றேன் வர்றேன்னு போன்ல சொல்லிட்டே இருக்கறா. பாப்பா பாட்டியை விட மாட்டேங்குதாம்.

இப்ப நானும் டிவியும்தாங்க. அதுலயும் ஒண்ணும் இல்லை. எங்க தெருக்காரங்களுக்கு என்ன ஆச்சுன்னு தெரியலை, எல்லாரும் பின்னால சாக்கடைச் சந்துலயே போறாங்க வர்றாங்க. மூக்கைப் பிடிச்சுட்டு, புடவையைத் தூக்கிட்டு. முன்னால நல்ல சிமெண்டு ரோடு, லைட்டு, கேமரா, இத்தனை பாதுகாப்பு இருக்குது. பாதுகாப்பே பிடிக்காத ஜனங்க. வேப்பமரத்தடியில குழந்தைகளும் விளையாடறதில்லை. எங்க தெருவுல இப்பக் குற்றமே கெடையாது. இன்ஸ்பெக்டர் பாராட்டினாரு. முன்மாதிரித் தெருன்னு சான்றிதழ் குடுத்திருக்காங்க. வீட்டுல மாட்டி வெச்சிருக்கறேன். பார்க்கத்தான் ஆளில்லை.

போன வாரம் ஒரு விஷயம் நடந்துச்சு. பழைய படத்தை ஓட்டிப் பார்த்துட்டு இருந்தேன். யாரோ ஒரு கெழவன் சாயங்காலம் தெருவுல வர்றான். வேப்பமரத்தடியில நிக்கறான். அந்தப் பக்கம் பார்க்கறான், இந்தப் பக்கம் பார்க்கறான். ஒருத்தரும் வரலை. மண்ணுல எதையோ குனிஞ்சு பார்க்கறான். ரொம்ப நேரம் நின்னுட்டுத் திரும்பிப் போறான். அடுத்த நாள் படத்துலயும் வர்றான். அதுக்கடுத்த நாளும். நோட்டம் பார்க்கறான், சந்தேகமே இல்லைன்னு இன்ஸ்பெக்டருக்குப் போனைப் போட்டுட்டேன். அவரு படத்தைப் பார்த்துட்டு, "சார், இது நீங்கதானே?"ன்னு கேட்டாரு. அந்த நீலச் சட்டை என்ர சட்டைதான். கேமரா மேல இருந்து எடுக்குதுங்களா, வழுக்கை தெரிஞ்சுது. எனக்கு அவ்வளவு வழுக்கைன்னு எனக்கே தெரியாது.

அன்னிக்குச் சாப்பிடலீங்க. எனக்குப் பாப்பாவைப் பார்க்காம சோறு எறங்கலை தம்பி. உள்ளதைச் சொல்றேன். அந்தக் குழந்தை கம்பத்தடியில கை தட்டினதுதான் கடைசி.

அடுத்த நாளே நவநீதன் போன் பண்ணினான். பாப்பா பொறந்த நாளுக்கு வாங்கன்னான். சிந்துஜா வாங்கிப் பேசுச்சு. "வாங்க மாமா. வந்து நாலு நாள் இருங்க. பாப்பா உங்களைக் கேட்டுட்டே இருக்குது. ஒண்ணே ஒண்ணுங்க மாமா, போனை மட்டும் அங்கயே வெச்சுட்டு வாங்க. சும்மா எங்ககூட இருந்தாப் போதும்"னுச்சு. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. அழுத மாதிரி. நீங்க வந்து நல்லபடியா இருந்தீங்கன்னா அடுத்த மாசம் அத்தையோட நாங்களே கோபிக்கு வர்றோம்னும் சொல்லுச்சு. போன் எதுக்கு வேண்டாங்குதுன்னு யோசிச்சேன். கதிர்வீச்சு, குழந்தைக்கு ஆகாதில்லீங்களா? படிச்ச பொண்ணு. சொன்ன மாதிரியே போனை வீட்டுல வெச்சுட்டுத்தான் வந்திருக்கறேன்.

அதனால என்ன, இந்தக் கரடி இருக்குதே.

சும்மா கரடி இல்லீங்க தம்பி. அதோட எடது கண்ணைப் பாருங்க. கிட்டத்துல பாருங்க, பச்சையா ஒரு புள்ளி மின்னுதா? கேமரா. உள்ளேயே இருக்குது, வெளிய யாருக்கும் தெரியாது. சத்தமும் கேக்கும், அதுதான் விசேஷம். எங்க தெருக் கேமராவுல அந்தக் குறைதானே இத்தனைக்கும் காரணம், சத்தம் இருந்திருந்தா அவங்க அம்மாகிட்டத்தான் பேசுதுன்னு மொத நாளே தெரிஞ்சிருக்கும். கடைக்காரன் எல்லாம் போட்டுக் குடுத்துட்டான். அவங்க வீட்டு இண்டர்நெட்டோட கடவுச்சொல்லைத் தெய்வானைகிட்டக் கேட்டு வாங்கிட்டா முடிஞ்சுது. பாப்பா கட்டிலுக்கு எதிர்ல வெச்சுட்டு வந்துட்டேன்னா, கோபியில உக்காந்துட்டே குழந்தை தூங்கறதைப் பார்க்கலாம். அவங்க எப்ப வேணும்னாலும் வரட்டும், வராட்டியும் போகட்டும்.

என்னங்க தம்பி, தலையை ஆட்டறீங்க? வேண்டாமா? குடுக்க வேண்டாங்கறீங்களா? ஏனுங்க?

மறுபடியும் ஜன்னலைப் பார்க்கறீங்க. சரி விடுங்க. உங்களுக்குப் பேத்தி இல்லை, உங்களுக்குப் புரியாது.

மேம்பாலம் வந்துருச்சு பாருங்க, ஓசூர்தான். பையை எடுத்துக்கறேன். செருப்பு உள்ளதான் இருக்குது, ஆமா. கரடியைக் குடுங்க. இல்லை, இருங்க. ஒரு ஒத்தாசை பண்ணுங்க தம்பி, இந்தத் துண்டை அது மூஞ்சியில சுத்திக் குடுங்க. சேலத்துல இருந்து என்னையவே பார்த்துட்டு வருதுங்க. நான் பேசினதையெல்லாம் கேட்டுட்டே இருந்திருக்கும்னு இப்பத்தான் தோணுது. ஏதோ தப்புப் பண்ணினவனாட்ட ஒடம்பெல்லாம் கூசுது. கண்ணை நல்லா மூடிக் கட்டுங்க, இன்னும் ஒரு சுத்து.

பாப்பா ரூமுல வெக்கறப்ப அவுத்துக்கறேன்.